புத்தகத்தில் இருக்கும் நிறம்

“ரின் பெயின்ற் கேற்றுக்கும் சைக்கிளுக்கும் அடிப்பது, தம்பி. காருக்கு அடிப்பதில்லை.” கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணை கடந்த வருடம் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. நாலு பேருக்குச் சொல்லி அலுத்த விஷயத்தை ஐந்தாவது ஆளுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற களைப்புத்தான் குரலில் இருந்தது. தொழில்முறையில் அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. கராஜில் கொம்பிரசர் வைத்து அடிக்கும் பெயின்ற்றில் ஹார்ட்னர் கலக்கிறார்கள். அது வேதிமாற்றத்தால் இறுகிக் கல்லாகிறது. கடையில் விற்கும் சாதாரண ஸ்பிறே ரின்னில் அந்த வேலை நடப்பதில்லை. தின்னர் ஆவியாகிப் போக, மிஞ்சுவது ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். அதன்மேல் பெற்றோல் சிந்தினால் மறுபடி இளகிவிடும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த பருக்கைக்கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது. காருக்குப் பெயின்ற் அடித்து முடித்து ஐந்து மாதம் போன பிறகும் அதைப்பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் ஒரு மொறிஸ் மைனர் 1000. 1959 ஆம் ஆண்டு. 948 சீ.சீ. எஞ்சின், நான்கு கதவு, திரும்பும்போது கதவுத்தூணுக்குள் இருந்து எட்டிப்பார்க்கும் கைகாட்டி. அப்பா 1988 இல் யாரோ ஒருவரிடம் வாங்கி, கிளிநொச்சியில் வாடகைக்கு ஓடினார். காபரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் புகை இன்னும் மூக்கில் இருப்பவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். 2005 இல் எஞ்சின் வேலைக்காகக் காரை வவுனியாவில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார் அப்பா. மெக்கானிக் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. அதன்பிறகு கார் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது எங்களோடு இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. எங்களோடு இல்லாத ஒரே காரணத்தால் இந்தக் கார் மிஞ்சியது. தளபாடம், உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏதோ ஒரு விதத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். படங்கள் போனால் போனதுதான். எங்கள் வீட்டில் 2009 க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அப்பா காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, சென்ற வருடம் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். கார் நிற்கும் இடத்தில் கடையறை ஒன்று கட்டப்போகிறாராம். வந்து எடுத்துப்போகச் சொன்னார். பின்சீற்றில் கோழி அடைவைத்துக் குஞ்சு பொரித்திருந்தது. லொறியில் ஏற்றி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்து, எஞ்சினை ஒரு வழி செய்து, முற்றத்தில் ஓட்டிப் பார்த்த அன்றைக்கு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். உருமாறிக் கிடந்தது கார். வெள்ளைப் பெயின்ற் செதில் செதிலாக உரிந்து, கதவுகளின் அடி கறள் தின்று, பார்ப்பதற்குச் சொறிபிடித்த மாட்டைப்போல இருந்தது.

கராஜில் விலை கேட்டேன். டிங்கரிங், பெயின்ற் எல்லாமாக இரண்டரை இலட்சம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அப்போதும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. புதிதாக எதுவும் வராதபோது பழைய தகரத்துக்கெல்லாம் மவுசு. எந்தக் கராஜைப் பார்த்தாலும் வரிசை. நான் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியன். என் சம்பளத்தை எப்படி நீட்டினாலும் இரண்டரை இலட்சத்தைத் தொடாது. ரின்னில் அடிக்கலாமா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அடுத்த பிரச்சினை நிறம். குடும்பமே சேர்ந்து ஒரு காரின் நிறத்தை ஞாபகப்படுத்த முயன்றால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குக் கண்டேன். எனக்குத் தெரிந்த கார் வெள்ளை. சமாதான காலத்தில், 2003 இல், கல்யாணங்களுக்கு ஓடுவதற்காக அப்பா வெள்ளையடித்தது. எனக்குப் பதினொரு வயது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்குக் கார் பச்சை. அம்மாவுக்கு அது கறுப்பு. கறுப்பென்றால் கண்ணாடிபோல் முகம் தெரியும் கறுப்பு. பச்சையா, அப்படியொரு கார் எங்களிடம் இருக்கவே இல்லை என்றார் அம்மா. கடைசியில் மாமா பத்திரமாக வைத்திருந்த வாகனப் புத்தகத்தை விரித்தோம். நிறம் என்ற கட்டத்தில் சாம்பல் என்று இருந்தது. நாங்கள் மூவருமே பார்த்திராத நிறம்.

நான் சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். பழைய வாகனத்தைத் திருத்துபவர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்ற சொல்லில் ஒரு பக்தி உண்டு. எனக்கும் அது தொற்றியிருந்தது. தொழிற்சாலை அடித்த நிறம் ஒன்று இருக்கும்போது மற்றவை எல்லாம் அழுக்குத்தானே என்று நினைத்தேன். தவிரவும் புத்தகத்தில் உள்ள நிறத்தையே அடித்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் படிவம் நிரப்பும் வேலை இல்லை. பக்தியைவிட இந்த இரண்டாவது காரணம்தான் பலமானது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வளையங்கள்

பெயின்ற் வேலை என்பது பெயின்ற் அடிக்கும் வேலை அல்ல, தேய்க்கும் வேலை. அடிப்பது அரை மணித்தியாலம், தேய்ப்பது அரை மாதம். பழைய பெயின்ற் உரிந்த இடத்தை அப்படியே விட்டு மேலே அடித்தால் அந்த விளிம்பு படிக்கட்டுப்போலத் தெரியும். ஆகவே விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்குச் சாய்வாக்க வேண்டும். வோட்டர் பேப்பர் என்ற அரத்தாளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, முதலில் 320 ஆம் இலக்கம், பிறகு 400, நிறம் அடிப்பதற்கு முன் 600 என்று போக வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்பதால் காயவைத்துத் தேய்த்துத் தூசி பறக்கவிடக் கூடாது. ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். சனி ஞாயிறுகளில் கிணற்றடியில் உட்கார்ந்து நான் தேய்த்த தேய்ப்பில் விரல் நுனியில் ரேகை அழிந்துபோனது. பள்ளிக்கூடத்தில் வரவைப் பதியும் இயந்திரம் இரண்டு கிழமையாக என்னை ஏற்கவில்லை.

அப்படித் தேய்க்கும்போதுதான் சாரதிப் பக்கக் கதவில், கைபிடிக்குக் கீழே, அது வெளியே வந்தது. உள்ளங்கை அகல வட்டம். நடுவில் வெறும் தகரம், அதைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் பிறைமர், அதைச் சுற்றி நீலம் கலந்த சாம்பல், பிறகு கறுப்பு, பிறகு பச்சை, வெளிவிளிம்பில் வெள்ளை. ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையம். சமவுயரக்கோட்டுப் படத்தை வகுப்பில் எத்தனை தடவை கரும்பலகையில் கீறியிருப்பேன். ஒரு குன்றை மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் சொன்னது, அம்மா சொன்னது, அண்ணா சொன்னது, நான் சொன்னது, நாலும் சரி. புரட்டிப் பார்ப்பதற்குப் படங்கள் கொண்ட அல்பம் எங்களிடம் இல்லை. இந்தக் கதவு இருந்திருக்கிறது.

படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன். அங்கே அதிகாலை மூன்று மணி. உடனே அழைப்பு வந்தது. பச்சையைக் கண்டாயா, கண்டாயா என்று இரண்டு தடவை கேட்டார். 1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கந்தபுரத்தில் தங்கியிருந்த நாட்களில், கிபீர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டதும் தென்னோலையைக் காரின்மேல் இழுத்துப் போடுவது அவருடைய பொறுப்பாம். கறுப்புக் கார் வெயிலில் மினுங்கும் என்பதால் அப்பா பச்சை அடித்தார் என்றார். வெளிநாட்டில் இருபது வருடமாக இந்தப் பச்சையைப்பற்றி அவர் பேசும்போதெல்லாம், அப்படியொன்று இருக்கவில்லை என்று அம்மா மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சின்னப் பிள்ளையில் கண்டதை நானே கற்பனை செய்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது என்றார். குரல் மாறியிருந்தது. நான் பேச்சை மாற்றிக் காலநிலை விசாரித்தேன்.

அம்மாவைக் கூட்டிவந்து வளையத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “இது நிறமா? இது மூடி. நிறம் என்றால் ஆசைப்பட்டு அடிப்பது” என்றார். அவர் கணக்கில் அது மண் பூசியதற்கும் ஓலை போட்டதற்கும் சமம். அதனால்தான் இருக்கவில்லை என்றிருக்கிறார்.

தறப்பாள் கூடு

வன்னியில் ஓகஸ்ட் மாதம் திறந்தவெளியில் பெயின்ற் அடிக்க நினைப்பவனுக்குப் புத்தி மட்டு. சோளகக் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வரும். முதல் நாள் பரீட்சார்த்தமாக ஒரு ரயர் வட்டைக்கு அடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அது அரத்தாளாகிவிட்டது. காற்று மட்டுமல்ல, வெயிலும் எதிரி. உச்சி வெயிலில் பெயின்ற் துளி தகரத்தைத் தொடுமுன்னே பாதி காய்ந்து, சொரசொரவென்று தூளாக விழுகிறது. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்ற்றில் படிந்து, வெள்ளை பூத்துவிடும். மிஞ்சுவது காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரம். பனி காய்ந்திருக்கும், காற்று எழும்பியிருக்காது.

கூடு கட்டினேன். மீள்குடியேறியபோது தந்த யூ.என்.எச்.சி.ஆர். தறப்பாள்கள் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் இன்னும் இருக்கின்றன. நெல் காயப்போட, விறகு மூட, ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்புக் கட்ட என்று பதினைந்து வருடமாக உழைக்கின்றன. நாலு வீட்டில் கேட்டு ஆறு தறப்பாள் சேர்த்தேன். நாலு கம்பு நட்டு, மூன்று பக்கம் மறைத்து, நிலத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டேன், தூசி எழும்பாமல் இருக்க. உள்ளே போய் நின்றதும் ஒரு கணம் தயங்கினேன். நீல எழுத்து, வெள்ளைத் தறப்பாள், அந்தப் புழுக்கம், அந்தப் பிளாஸ்ரிக் வாடை. செட்டிகுளத்தில் முகாமில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அம்மா கடைசிவரை அந்தக் கூட்டுக்குள் வரவில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

கண்ணாடிகளையும் வெள்ளித் தகடுகளையும் பழைய ‘உதயன்’ பத்திரிகைத் தாள்களால் மறைத்து ஒட்டினேன். மரண அறிவித்தல் பக்கங்கள்தான் அதிகம் இருந்தன. முன்கண்ணாடி முழுக்க அமரர்கள். நம்பர் தகட்டை மறைக்கும்போது அதிலிருக்கும் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பார்த்தேன். 1958 இல் வடக்கில், சிங்களத் திணிப்பை எதிர்த்து, இந்த எழுத்தின்மீது தார் பூசினார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்தக் கார் அதற்கு அடுத்த வருடத்தது, தாருக்குத் தப்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் வாகனத்துக்கு எதையாவது பூசுவது என்பது அழகுக்காகத் தொடங்கிய விஷயமே இல்லை என்று யோசித்துக்கொண்டே ஒட்டினேன்.

ரின்களைப்பற்றிச் சுருக்கமாக. ஒரு ரின்னில் 400 மில்லிலீற்றர். பார்த்தால் பெரிதாக இருக்கும், அடித்தால் ஒரு கதவுக்கும் கொஞ்சத்துக்கும்தான் காணும். உள்ளே இருக்கும் குண்டு கலகலக்கத் தொடங்கியபிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். குலுக்காமல் அடித்தால் அடியில் உறைந்த நிறம் அடியிலேயே நிற்கும். ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். விளிம்புக்கு வெளியே தொடங்கி, விளிம்புக்கு வெளியே நிறுத்த வேண்டும். கை நின்றால் ஒழுகும். முதல் பூச்சில் தகரத்தை மூடிவிட ஆசைப்படக் கூடாது, தூறல் விழுந்தமாதிரி விட்டுவிட வேண்டும். இந்த ஆசையை அடக்குவது கடினம். பதினெட்டு ரின் வாங்கினேன், ஒன்று ஆயிரத்துச் சொச்சம். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய நீல மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முதல் நாள் அடித்துவிட்டு இரவு முழுக்கத் தலையிடியில் கிடந்தேன். அது தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி உள்ள மாஸ்க் இல்லாமல் ஒருவரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஹார்ட்னர் கலந்த ரின்னும் விற்பனையில் உண்டு. அதிலிருக்கும் ஐசோசயனேற்று நுரையீரலுக்குக் கூடாது என்பதால் தறப்பாள் கூட்டுக்குள் அதை அடிக்க நான் துணியவில்லை.

ஆடை

இடது பக்க முன் மட்காட்டில்தான் எல்லாம் நின்றுபோனது. தேய்த்து, துடைத்து, பிறைமர் அடித்தேன். அழகாகப் படிந்தது. ரின்னைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், மட்காட்டின் நடுவில் தோல் சுருங்குகிறது. கண்ணுக்கு முன்னால், மெதுவாக, காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவதைப்போல. பச்சை வளையம் இருந்த இடம் முழுக்க நெளிநெளியாக எழும்பிவிட்டது. காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி சுருங்கியது. அடுத்த சனிக்கிழமை மூன்றாவது தடவை. மூன்றாவது தடவையும் சுருங்கியது.

காரணம் மர்மமானது ஒன்றுமில்லை. ஸ்பிறே ரின்னில் இருக்கும் தின்னர் மூர்க்கமானது. எனமல் பெயின்ற்றைத் தூரிகையால் தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே முழுதாக இறுகாது. விளிம்பைத் தேய்த்துத் திறந்துவிட்ட இடத்தால் தின்னர் உள்ளே புகுந்து, அதை ஊதவைத்து, தகரத்திலிருந்து கிளப்பிவிடுகிறது. 2003 இல் மேலே அடித்த வெள்ளையும் எனமல்தான். அதன் தின்னர் சாதுவானது, ஆகவே அப்போது ஒன்றும் நடக்கவில்லை. இதில் உவமை தேட வேண்டாம் என்று என்னிடம் நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். மூடி வைத்தது மேலே வருகிறது என்றெல்லாம் எழுதுவதற்குக் கை துறுதுறுக்கும். இது வேதியியல். அந்த நேரத்தில் எனக்கு உவமை வரவும் இல்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது, சத்தமாக.

அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா கூட்டுக்குள் வந்தார். கையில் தேநீர். சுருங்கிக் கிடந்த இடத்தை விரலால் அழுத்தினார். இருபத்தெட்டு வருடத்துப் பச்சை இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. அம்மா அதைப் பெருவிரலோடு உரசிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இது கேற்றுக்கு வாங்கின பெயின்ற்.”

கிளிநொச்சியில் வீடு கட்டி முடித்த வருடம் அது. மதில் கட்டி, இரும்புக் கேற் செய்வித்து, அதற்குப் பச்சை அடிக்க வேண்டும் என்று அம்மாதான் ஆசைப்பட்டாராம். பொருள் வராத காலம். யாரிடமோ சொல்லிவைத்து, கேட்ட விலை கொடுத்து இரண்டு ரின் வாங்கிவைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல நாள் பார்த்து அடிக்கலாம் என்று இருந்தபோதுதான் 1996 ஜூலையில் எல்லோரும் வெளிக்கிட்டார்கள். காருக்குள் என்னென்ன ஏற்றுவது என்று அடிபட்டு, தையல் மெசினை விட்டுவிட்டு, இந்த இரண்டு ரின்னையும் அம்மா ஏற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். விலை கொடுத்து வாங்கினது என்றார். கேற் அங்கேயே நின்றுவிட்டது, கறள்பிடித்த மாதிரியே. பெயின்ற் மட்டும் ஸ்கந்தபுரம் வந்தது. பிறகு ஒருநாள் அப்பா அதைத் திறந்திருக்கிறார். தூரிகை இல்லை, தென்னந்தும்பைக் கட்டி அதால் பூசினார். பகலில் வானத்துக்குப் பயம் என்பதால் இரவில். அம்மா லாம்பு பிடித்தார். ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெல்லிசு, விடிந்து பார்த்தால் எருமை சேற்றில் புரண்டு எழும்பியதைப்போல இருந்ததாம். சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. ரின் பெயின்ற் கேற்றுக்கு அடிப்பது, தம்பி. அண்ணை சொன்னது எவ்வளவு சரி. அப்பா கேற் பெயின்ற்றைக் கொண்டுவந்து இந்தக் காருக்கு அடித்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அதைத் தொழிற்சாலைச் சாம்பலின் பெயரால் நான் மூன்று கிழமையாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரிஜினல் என்று நான் கும்பிட்ட சாம்பல் யாருடையது? 1959 இல் புதுக்கார் வாங்கும் வசதி இருந்த, பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவருடையது. எங்கள் வீட்டில் ஒருவர்கூட அந்தச் சாம்பலில் ஏறியதில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் சாம்பல்தான் அடித்தேன். பதினெட்டு ரின் வாங்கியாகிவிட்டது. அம்மா தையல் மெசினை விட்டுவிட்டு ஏற்றிய அதே நியாயம்.

முறைப்படி என்றால் பெயின்ற் உரிக்கும் மருந்தைப் பூசி, பச்சையை அடியோடு வழித்தெடுத்துவிட்டுத் தகரத்திலிருந்து தொடங்க வேண்டும். மருந்து வாங்கியும் வைத்திருந்தேன். திறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சர் ஐயாதான் வழி சொன்னார். தளபாடத்துக்குப் பூசும் பிரெஞ்ச் பொலிஷ், அதாவது ஸ்பிரிற்றில் கரைத்த அரக்கு, எனமலைத் தாக்காது. அதை மெல்லிசாக நாலு தடவை பூசிக் காயவிட்டால் தின்னர் உள்ளே இறங்காது என்றார். எழும்பிய இடங்களை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தி, அரக்குப் பூசி, மேலே பிறைமரைத் தூறல்போல விட்டேன். அரை மணித்தியாலம் மூச்சுப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கவில்லை. அப்படித் தேய்க்கும்போது பச்சைக்குள் இறுகிக்கிடந்த தும்பு ஒன்று தட்டுப்பட்டது, அரை விரல் நீளம். அதைக் கிளறி எடுக்காமல் மேலேயே அரக்கைப் பூசிவிட்டேன்.

மிச்சம்

மீதியைச் சொல்ல அதிகமில்லை. ஒன்பதாவது ரின்னில் பொனற்றில் ஒரு கருவண்டு வந்து விழுந்து, எட்டடி நடந்து, அங்கேயே சமாதியானது. பதினெட்டு ரின் காணவில்லை. வவுனியாவில் போய் இன்னும் ஐந்து வாங்கினேன். மூடியில் அதே இலக்கம், அடித்துப் பார்த்தால் ஒரு பொட்டு நீலம் கூட. வலது பின்கதவு இன்றைக்கும் மற்றக் கதவுகளோடு ஒத்துப்போகவில்லை. தேவைக்கு மேலாகவே ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், என் அனுபவத்தில் இது ஒன்றைத்தான் துணிந்து சொல்லலாம். கடைசிக் கிளியர் பூச்சு முடிந்தது ஒக்டோபர் நடுப்பகுதியில். மூன்றாம் நாள் மழை தொடங்கிவிட்டது. கார்த்திகை முழுக்க அது தறப்பாளுக்குள்ளேயே நின்றது. மழை விட்டபிறகு 1500, 2000 என்று தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு மினுக்கினேன். பெற்றோல் மூடிக்குக் கீழே ஏற்கெனவே ஒரு ஒழுக்குத் தழும்பு விழுந்துவிட்டது, அண்ணை சொன்னபடியே. பொனற்றின் உட்பக்கத்தை நான் தொடவில்லை. அங்கே பச்சை அப்படியே இருக்கிறது, தும்பால் இழுத்த கோடுகளோடு. ரொறன்ரோவிலிருந்து யாராவது வந்தால் திறந்து காட்டலாம்.

தைப்பொங்கலுக்குப் பிறகு காரைக் கராஜுக்குக் கொண்டுபோனேன், பிரேக் பார்ப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அண்ணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தூரத்தில் நின்று பார்த்தால் பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். பிறகு இடது மட்காட்டில் கையை வைத்துத் தடவி, ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்கே தும்பு ஒன்று அகப்பட்டுவிட்டது, தம்பி. தேய்க்கும்போது கவனிக்கவில்லையா?” கவனித்தேன் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒருவர் வீடு தேடி வந்தார். தருமபுரத்துப் பக்கம். தன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம்; தன்னுடைய கல்யாணத்துக்கு 2003 இல் அப்பாவின் கார்தான் வந்தது, மகளுக்கும் அதே காரில் மாப்பிள்ளை வர வேண்டும் என்று மனைவி அடம்பிடிக்கிறார் என்றார். கொழும்பில் இருக்கும் தங்கை வீட்டில் அவர்களுடைய கல்யாணப்படம் ஒன்று தப்பியிருந்ததாம். தொலைபேசியைத் துடைத்து நீட்டினார். மங்கிப்போன படத்தை யாரோ இரவில் ரியூப்லைற் வெளிச்சத்தில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ரிப்பன் கட்டிய மொறிஸ் மைனரின் முன்பக்கம், மாலையோடு ஒரு மெலிந்த இளைஞன், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு வெள்ளைச் சேட்டின் கை, மணிக்கூடு கட்டியிருக்கிறது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் படத்தையும் முற்றத்தில் நின்ற காரையும் மாறிமாறிப் பார்த்தார். வெள்ளை அடித்த கார் அந்த ரியூப்லைற் வெளிச்சத்தில் நீலம் கலந்த சாம்பலாக இருந்தது.

“நல்ல காலம், தம்பி. நீங்கள் நிறத்தை மாற்றவில்லை” என்றார்.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாயிரம் ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு, ஆவணி மாதத் திகதியைச் சுவர்க்கலண்டரில் குறித்தேன்.